மண்ணைக் கடித்துப் பார்க்கும் யோருன்

குழியின் சுவரை வெண்ணெய்க் கத்தியால் வழித்துக்கொண்டிருக்கின்றன இரண்டு கைகள். ரொட்டியில் அதிகமாய்ப் போய்விட்ட வெண்ணெயைத் திரும்ப எடுப்பதுபோல அவ்வளவு மெதுவாக. ஒரு கூழாங்கல் துருத்திக்கொண்டிருந்தால் கை நின்றுவிடுகிறது. கல்லைச் சுற்றிக் கத்தி நுனியால் ஒரு கோடு. கல்லை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு மேலே நகர்கிறது. சுவர் வழவழப்பானதும் கத்தி சட்டைப் பைக்குள் போகிறது, தூரிகை வெளியே வருகிறது. வாளியில் கரைத்து வைத்த பசையை மேலிருந்து கீழாகப் பூசி, அதன்மேல் காயத்துக்குக் கட்டும் மெல்லிய வலைத்துணியை விரித்து, விரல் நுனிகளால் ஒற்றி, மறுபடியும் பசை. பிறகு குழிக்கு வெளியே உறுமிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டரிலிருந்து நீண்டு வரும் வயரை இழுக்கிறது வலது கை. வயரின் முனையில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு ஹேர் டிரையர்.

"அசையாத என் ராசா. காது ஓரம் மட்டுந்தான் ஈரம்," என்று சுவரிடம் ஒரு குரல் சொல்கிறது.

யோருன் நிலவியலாளர். பனியாறுகளையும், அவை அரைத்துத் துப்பிவிட்டுப் போகும் வண்டலையும் படிப்பவர். தலைநகர் ரெய்க்யவிக் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரே ஒரு கோடைக்காலத்துக்கு என்று எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்தார். எங்கள் பனியாறு அப்போதுதான் பின்வாங்க ஆரம்பித்திருந்தது. அது பின்வாங்கப் பின்வாங்க இவர் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்ததில், தலைநகருக்குத் திரும்ப மறந்துவிட்டார். இப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பனியாறு மலைமேல் வெகுதூரம் போய்விட்டது. இவர் இன்னும் விடவில்லை.

வண்டல் கையில் கிடைத்தால் முதலில் விரல்களுக்கிடையே தேய்ப்பார். அடுத்து முன்பற்களுக்கிடையே ஒரு சிட்டிகை. நறநறவென்றால் நுண்மணல், வழுக்கிக்கொண்டு போனால் களிமண். இதற்கென்று விலையுயர்ந்த கருவி ஒன்று அவருடைய கொட்டகையில் பெட்டி பிரிக்காமலே இருக்கிறது. கேட்டால், "கருவி யோசிச்சுச் சொல்லும். பல்லு உடனே சொல்லிடும்," என்பார். எங்கள் ஊர்ப் பல் மருத்துவர் எந்த நோயாளிக்காகவும் எழுந்து வாசல்வரை வந்ததில்லை, யோருனைத் தவிர.

அவர் வீட்டுக் குளிர்பெட்டியில் ஜாம் புட்டிகள் வரிசையாக நிற்கும். ஒன்றிலும் ஜாம் இருக்காது. பனியாற்றுத் தண்ணீரை மொண்டு வந்து, அடியில் என்ன படிகிறது, எவ்வளவு நேரத்தில் படிகிறது என்று பார்ப்பதற்காக வைத்திருப்பார். கலக்கிவிட்டால் அது அசல் பால் நிறம். பாதிரியார் ஈஸ்லேவ் முதல் முறை விருந்துக்குப் போனபோது, தானே குளிர்பெட்டியைத் திறந்து, ஒரு புட்டியை எடுத்துத் தன் காப்பியில் தாராளமாக ஊற்றிக்கொண்டார். விருந்து கொடுப்பவர் மனம் நோகக் கூடாதென்று கடைசிச் சொட்டுவரை குடித்தார். யோருன் அவரைத் தடுக்கவில்லை. காலிக் கோப்பையை வாங்கி அடியில் தங்கியதைக் கவனமாகப் பார்த்துவிட்டு, "சூட்டுல சீக்கிரம் படியுது," என்றார்.

ஒருமுறை பனியாற்றின் கீழ் தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு வந்து, கரையில் நிறுத்தியிருந்த அவருடைய ஜீப்பைத் தூக்கிக்கொண்டு போனது. ஜீப்பைக் கீழ் மணல்வெளியில் கண்டுபிடித்தோம். ஊரே வருத்தம் விசாரிக்கப் போனபோது யோருன் பின்சீட்டில் படிந்திருந்த வண்டலை அடுக்கடுக்காக அளந்துகொண்டிருந்தார். "எவ்வளவு அழகா படிஞ்சிருக்கு பாருங்க. கதவைச் சாத்தாதீங்க, சாத்தாதீங்க!"

யாருடைய நிலத்தில் குழி தோண்டினாலும் அந்தச் சுவரின் தோலை இப்படித் துணியில் உரித்தெடுத்து, பலகையில் ஒட்டி, நிலத்துக்காரரிடமே கொடுத்துவிடுவது அவர் வழக்கம். அதனால் எங்கள் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டுக் கூடத்திலும் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் ஆளுயர மண் ஒன்று தொங்கும்.

இந்த வருடம் அவர் குழி தோண்டியது லௌகியின் புல்வெளியில்.

அதற்குக் காரணம் பட்டி. கோடையெல்லாம் மலையில் மேய்ந்த ஆடுகளைச் செப்டம்பரில் இறக்கிக்கொண்டு வந்து, காது அடையாளம் பார்த்து அவரவர் ஆட்டைப் பிரித்துக்கொள்ளும் பெரிய வட்டப் பட்டி. பழைய பட்டியை வசந்தத்தில் ஆறு தின்றுவிட்டது. புதியதைக் கட்ட லௌகி தன் புல்வெளியைத் தருவதாகச் சொன்னார். ஆடு வளர்ப்போர் சங்கம் யோருனிடம் ஒரே கேள்வி கேட்டது: இந்த இடத்துக்கு வெள்ளம் வந்ததுண்டா? வந்திருந்தால் பட்டி ஆற்றுக்கு அந்தப்புறம் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும்.

பட்டி போனால் லௌகியின் பட்டமும் போகும். ஆட்டை இறக்கும் கூட்டத்துக்குத் தலைவராக இருப்பவரை நாங்கள் மலையரசர் என்போம். பட்டி எந்தப் பள்ளத்தாக்கிலோ அரசரும் அந்தப் பள்ளத்தாக்கில்தான். லௌகி இருபது வருடத்துக்கும் மேலாக அரசர். அவர் ஒரு சீட்டி அடித்தால் நாய்கள் மட்டுமல்ல, மாப்பிள்ளைகளும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பட்டத்தை அந்தப்புறத்துக்காரர்களுக்குக் கொடுப்பதைவிட அவர் தாடியைக் கொடுத்துவிடுவார்.

குழியில் மேலே புல்லும் மண்ணும். அதற்குக் கீழே ஒரு கை தடிமனுக்குக் கருமணல், ஊடே வெள்ளைப் புள்ளிகள். அதற்கும் கீழே காற்று கொண்டுவந்து சேர்த்த பழுப்பு மண், நடுநடுவே எரிமலைச் சாம்பல் கோடுகள். அடியில் சரளை. யோருன் கருமணலில் ஒரு சிட்டிகை எடுத்துக் கடித்தார். மறுபடியும் கடித்தார்.

"லௌகி, இங்க இறங்கி வா."

"என்ன, ருசியா இருக்கா?"

"இது ஆத்து மணல் இல்ல. பனியாறு அரைச்ச மணலுக்கு மூலை இருக்கும், நாக்கைக் குத்தும். இது உருண்டை. கிளிஞ்சல் வேற கடிபடுது. கடல் மணல்!"

எங்கள் ஊரில் எந்தப் பேச்சையும் முடிக்க, தொடங்க, நடுவில் மூச்சுவிட, "யையா" என்று ஒரு சொல் உண்டு. எதுவும் தோன்றாதபோது அதைச் சொல்லிவிடலாம். லௌகி அன்று அதை மூன்று முறை சொல்லிவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தார்.

கடல் இங்கிருந்து டிராக்டரில் போனால் ஒரு முழுக் காலைப்பொழுது. ஆனால் மணலுக்கு நேர் கீழே கிடந்த சாம்பல் கோடு, நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது வகுப்பு ஜன்னலை இருட்டடித்த சாம்பல். மணல் அதற்கு மேலே. ஆகவே நம் காலத்திலேயே கடல் பள்ளத்தாக்கு ஏறி வந்து, லௌகியின் புல்வெளியில் நின்று, திரும்பிப் போயிருக்கிறது என்று யோருன் முடிவு கட்டினார்.

அன்று மாலை நீச்சல்குளத்தின் வெந்நீர்த் தொட்டியில் ஊரே கழுத்தளவு உட்கார்ந்திருந்தது. யோருனின் கண்கள் ஆவிக்குள்ளும் மின்னின.

"பேரலை! உங்க பள்ளத்தாக்குக்குப் பேரலை வந்திருக்கு. எப்படி ஒருத்தரும் கவனிக்கல?"

"நாங்க ஆடு பார்த்துக்கிட்டு இருந்திருப்போம்," என்றார் லௌகியின் மனைவி ஹல்பெரா, கணவரைப் பார்த்தபடி.

"அப்ப பட்டி?" என்று யாரோ கேட்டார்கள்.

"கடல் வந்த எடத்துல பட்டியா? அந்தப்புறந்தான். நார்வேயில இருக்கற என் சிநேகிதங்களுக்கு இன்னைக்கே போன் போடறேன். விமானம் ஏறி வந்துடுவாங்க."

தொட்டியில் இருந்த என் வயதுக்காரர்கள் எல்லோரும் லௌகியைப் பார்த்தோம். லௌகி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் இறங்கினார். கடைசியில் மூக்கு மட்டும் வெளியே இருந்தது.

எங்களுக்குத் தெரியும். அந்த மணலைக் கடற்கரையிலிருந்து டிராக்டரில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டியதே நாங்கள்தான், இளைஞர் சங்கத்தின் விளையாட்டு விழாவுக்காக. என் அண்ணன் மண்வெட்டி பிடித்தார். அந்த மணலில் லௌகி தோற்றார். எங்கள் பள்ளத்தாக்கில் ஒருவர் தோற்ற கதையை அவர் வாயால்தான் கேட்க வேண்டும். அவர் சொல்லும்வரை மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. யோருன் அந்த விழாவுக்குப் பிறகு வந்தவர், பாதிரியார் அவருக்கும் பிறகு வந்தவர். இருவருக்கும் இது தெரியாது. ஆகவே பட்டி போனாலும் சரி, பட்டம் போனாலும் சரி, நார்வேயே கிளம்பி வந்தாலும் சரி, லௌகி பேச வேண்டும் என்று நாங்கள் காத்திருந்தோம்.

லௌகி முயன்றார். மறுநாள் ஒரு தூக்குவாளி நிறையக் காப்பியும், சர்க்கரை தூவிச் சுருட்டிய பான்கேக்கும் எடுத்துக்கொண்டு குழிக்குப் போனார். நான் வேலி சரிசெய்வதுபோல் பக்கத்தில் நின்றேன்.

"யோருன், அந்த மணல் காத்துல வந்திருக்கலாமே?"

"கிளிஞ்சலு காத்துல பறந்துச்சா?"

"பறவை தூக்கிட்டு வந்திருக்கும். கடல்காக்கா இருக்கே."

"இவ்வளவு மணலையா? எந்தக் காக்கா? டிராக்டர் ஓட்டற காக்காவா?"

லௌகியின் கையிலிருந்த பான்கேக் குழிக்குள் விழுந்தது. யோருன் அதை எடுத்து, மண் ஒட்டிய பக்கத்தைக் கடித்துப் பார்த்து, "இது வெறும் மேல்மண்," என்று சொல்லி மிச்சத்தையும் தின்றார்.

பசை காய்ந்தது. யோருன் துணியின் நான்கு ஓரங்களையும் வெட்டிவிட்டு, பூனைக்குட்டியைப் பெட்டியிலிருந்து எடுப்பதுபோல மேலிருந்து உரிக்கத் தொடங்கினார். புல் வந்தது. மேல்மண் வந்தது. மணலடுக்கில் மட்டும் துணி எதிலோ மாட்டிக்கொண்டு வர மறுத்தது. யோருன் விரலால் தோண்டினார். சுவருக்குள்ளிருந்து ஒரு தோல்வார், துருப்பிடித்த கொக்கியோடு, துணியோடு சேர்ந்து வெளியே வந்தது. இடுப்பில் கட்டும் வார். அறுந்திருந்தது.

ஓரத்தில் இன்னும் ஊதிக்கொண்டிருந்த ஹேர் டிரையரை யோருன் அணைத்தார். எங்கள் நினைவில் அவர் குழிக்குள் குரல் தாழ்த்திப் பேசியது அன்றுதான்.

"அலையில ஒரு ஆள் போயிருக்கான்."

பாதிரியார் ஈஸ்லேவ் நல்லவர். பெயர் தெரியாத ஓர் ஆன்மா நாற்பது வருடமாக ஜெபம் இல்லாமல் கிடக்கிறது என்று கேட்டதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லோரையும் நேராகக் குழிக்கு அழைத்துக்கொண்டு வந்தார். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். நாய்கள்கூட உட்கார்ந்தன. யோருன், கம்பளிச் சட்டையில் ஒட்டிய காய்ந்த மண்ணை மரியாதைக்காகத் தட்டிவிட்டுக்கொண்டு, வார் ஒட்டிய துணியை இரண்டு கையிலும் ஏந்தி நின்றார். ஹல்பெரா காட்டுப்பூ ஒரு கொத்துக் கொண்டுவந்திருந்தார். அதைக் குழியோரம் வைத்துவிட்டு லௌகிக்கு நேர் எதிரே போய் நின்றார்.

"முகம் தெரியாத சகோதரனே," என்று பாதிரியார் ஆரம்பித்தார். "உன் கடைசி நேரத்துல என்ன பாடு பட்டியோ..."

"ரொம்பப் பட்டிருப்பான், பாவம்," என்றார் ஹல்பெரா.

"காலுக்கு அடியில தரை நழுவி..."

"நழுவித்தான்."

"வாயெல்லாம் மணலா..."

"ஆமா. வாயெல்லாம்."

"உன்னைப் பெத்தவங்க உன் வரவை எதிர்பார்த்து..."

"போதும், நிறுத்துங்க!" லௌகியின் குரல் மலைவரை போய்த் திரும்பியது. "யாரும் சாகல. அந்த வார் என்னோடது."

பாதிரியார் கண்ணைத் திறந்தார். யோருன் இரண்டடி முன்னால் வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"அப்ப உன்னைத்தான் அலை அடிச்சுச்சா? பொழைச்சுட்டியா? எவ்வளவு உயரம் இருந்துச்சு அந்த அலை?"

"அலை இல்ல."

"பின்ன?"

லௌகி மோவாயால் எதிரே காட்டினார். "இவ."

கதை அப்புறம் தானாக வந்தது. இடுப்பிலும் தொடையிலும் தோல்வார் கட்டி, ஒருவர் வாரை ஒருவர் பிடித்துக்கொண்டு போடும் எங்கள் மல்யுத்தம். பதினெட்டு வயது லௌகி வரிசையாக எல்லோரையும் கவிழ்த்துவிட்டு, "இனி யாரு இருக்கா?" என்று கத்தினார். பலகாரக் கடையில் நின்ற ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இவ ஒரு தடவைதான் தூக்கினா," என்றார் லௌகி. "வார் அறுந்துச்சு. கால்சட்டை கீழ போச்சு. நான் அங்க மண்ணைக் கவ்வினேன். மொத்த மாவட்டமும் பார்த்துச்சு."

"நடன மண்டபத்துல பார்த்துக்கிட்டோம்னு எங்ககிட்ட சொன்னீங்க," என்றாள் அவர்களுடைய மூத்த மகள், பின்னாலிருந்து.

"சாயங்காலம் நடனமும் இருந்துச்சு. பொய் சொல்லல."

"யையா," என்றார் ஹல்பெரா. "ஊசி நூல் வாங்கி அந்தக் கால்சட்டையைத் தைச்சுக் குடுத்தது யாரு, அதையும் சொல்லு. இன்னைக்கு விட்டா இன்னும் நாப்பது வருஷம் காத்திருக்கணும்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பாதிரியார்தான் முதலில் அடக்கினார், ஆமென் சொல்லாமல் விட்டது நினைவுக்கு வந்ததால். யோருன் மட்டும் சிரிக்கவில்லை. குழியோரம் உட்கார்ந்து துணியை மடிமேல் விரித்து, மணலடுக்கின் அடி விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோடு போட்ட மாதிரி இருக்கு," என்றார் மெல்ல. "அலைன்னா கீழ்மண்ணை அரிச்சிருக்கும். இது பரப்பி, உருளை உருட்டினது. முதல் நாளே பார்த்தேன். பார்த்தும் கடல்னு சொன்னேன். எனக்குக் கடல் வேணும்னு இருந்துச்சு."

"விடு யோருன்," என்றார் லௌகி. அவருக்கு இப்போது எல்லோர்மேலும் இரக்கம் வந்திருந்தது. "எப்படியாவது சரியாயிடும்."

"நார்வேக்காரங்க டிக்கெட் எடுத்துட்டாங்களே."

"வரட்டும். ரெண்டு கையோடதானே வர்றாங்க, ஏதாவது வேலை இருக்கும்."

யோருன் எழுந்து குழிக்குள் இறங்கினார். மணலை விட்டுவிட்டு அதற்குக் கீழே தொடங்கினார். ஒவ்வொரு சாம்பல் கோட்டுக்கும் நடுவில் ஒரு சிட்டிகை, ஒரு கடி, ஒரு துப்பு. நாங்கள் மேலே தொப்பியைக் கையில் வைத்தபடியே நின்றோம். போடலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. சரளைவரை போய், அங்கேயும் கடித்து, நிமிர்ந்தார்.

"காத்து மண்ணு, சாம்பல், காத்து மண்ணு, சாம்பல். சரளைக்கு மேல வெள்ள வண்டல் ஒரு விரல்கூட இல்ல. சாம்பலெல்லாம் எண்ணிப் பார்த்தா, ஆறு இங்க வந்து பல நூறு வருஷம். பட்டி கட்டிக்கோ."

லௌகி அடித்த சீட்டியில் நாய்கள் மலைமேல் ஓடிவிட்டன. அவற்றைத் திரும்பக் கூப்பிட அன்றைய பகல் போயிற்று.

நார்வேக்காரர்கள் மூன்று பேர் பெரிய பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். விஷயத்தைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்தவர்களைச் சும்மா அனுப்பக் கூடாதென்று ஹல்பெரா ஆளுக்கொரு சம்மட்டி கொடுத்தார். புதுப் பட்டியின் வடக்குப் பக்கத்து மரக்கம்பங்கள் முழுக்க அவர்கள் அடித்தவை. நன்றாகவே அடித்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் யோருன் கொட்டகையில் பலகை வேலையில் இருந்தார். துணியைப் பலகையில் ஒட்டி, உதிரும் மணலைத் தூரிகையால் தட்டி, மேலே ஒரு கை மெல்லிய வார்னிஷ் ஓட்டி, ஒவ்வொரு அடுக்குக்குப் பக்கத்திலும் சின்ன எழுத்தில் பெயர்ச் சீட்டு ஒட்டினார். மணலுக்கு எழுதியது: "கடல் மணல். கொண்டுவந்தது மனிதர்." லௌகி இரண்டு முறை கொட்டகை வாசலில் வந்து நின்று கெஞ்சினார்.

"அந்த வாரை மட்டும் எடுத்துடேன். அரசன் வீட்டுச் சுவர்ல தொங்கப் போகுது."

"அது எங்க இருந்துச்சோ அங்கதான் இருக்கும். நான் மண்ணைத் திருத்த மாட்டேன்."

"ஒரு கொக்கிதானே!"

"கொக்கியோடதான்."

செப்டம்பரில் ஆடுகள் இறங்கின. மலையிலிருந்து புழுதியும் கத்தலுமாக வந்து புதுப் பட்டியை நிறைத்தன. லௌகி மழைக்கோட்டில் அரச தோரணையோடு நடுவில் நின்றார். அந்தப்புறத்துக்காரர்களும் தங்கள் ஆடுகளைப் பிரித்துக்கொண்டு போக வந்து, வேலியில் சாய்ந்து நின்றார்கள். பிரிக்கத் தொடங்குவதற்கு முன், யோருன் ஆளுயரப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஆடுகளுக்கு நடுவே இடித்து வழி செய்துகொண்டு வந்தார். முழங்கையால் அதன் முகத்தைத் துடைத்து லௌகியிடம் நீட்டினார்.

லௌகி இரண்டு கையாலும் வாங்கினார். நார்வேக்காரர் ஒருவர் படமெடுக்கக் கேமராவைத் தூக்கினார். லௌகி நெஞ்சை நிமிர்த்தினார். அவருடைய அகலமான இடது கட்டைவிரல் மணலடுக்கின்மேல், கொக்கி இருந்த இடத்தை அப்படியே மூடிக்கொண்டு நின்றது.

யோருன் அந்த விரலைப் பிடித்துத் தூக்கி, கீழே இறக்கி, சரளையின்மேல் வைத்துவிட்டுப் பலகையிலிருந்து தன் கையை எடுத்தார்.